15 வருடம் நீண்ட ஒரு வெடிப்பு: மொன்செராட் எரிமலை

மொன்செராட் தீவின் தலைநகரம் பிளிமத். சட்டப்படி இன்றைக்கும் அதுதான் தலைநகரம். ஆனால் அங்கே ஓர் ஆள்கூடக் குடியில்லை. அரசு அலுவலகங்கள், மருத்துவமனை, நூலகம், கடைத்தெரு எல்லாம் சாம்பலுக்கும் சேற்றுக்கும் அடியில் கிடக்கின்றன. பல கட்டடங்களில் மேல்மாடி மட்டும்தான் வெளியே தெரிகிறது. அரசாங்கம் வடக்கே பிரேட்ஸ் என்ற சிற்றூருக்கு இடம்பெயர்ந்து அங்கிருந்து நடந்துகொண்டிருக்கிறது.

இதைச் செய்தது தீவின் தென்பாதியில் இருக்கும் சூஃப்ரியேர் ஹில்ஸ் எரிமலை. கரீபியனில் சூஃப்ரியேர் என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட எரிமலைகள் உண்டு. 2021 ஏப்ரலில் செயின்ட் வின்சென்ட் தீவில் வெடித்ததாகச் செய்தியில் பார்த்திருப்பீர்கள், அது வேறு மலை.

‘எரிமலை வெடித்து நகரம் அழிந்தது’ என்று ஒரு வரியில் படித்தால், ஏதோ ஒரு ராத்திரியில் மலை வெடித்து விடிவதற்குள் எல்லாம் முடிந்துபோன மாதிரி தோன்றும். இங்கே அப்படி நடக்கவில்லை. மலை புகையத் தொடங்கியது 1995 ஜூலையில். உயிர்ப்பலி வாங்கியது 1997 ஜூனில். பிளிமத் எரிந்தது அதே வருடம் ஆகஸ்டில். மிகப் பெரிய சரிவு 2003இல் நடந்தது. கடைசியாக லாவா, அதாவது பூமிக்கடியிலிருந்து வரும் பாறைக்குழம்பு, வெளியே வந்தது 2010 பிப்ரவரியில். வெடிப்பு ஒரு நாள் சம்பவம் என்ற எண்ணத்தை விட்டுவிட்டுப் பார்த்தால்தான் இந்த மலையும் அந்த மக்கள் பட்ட பாடும் புரியும்.

அந்த இடத்தில் ஏன் எரிமலை?

மொன்செராட் மிகச் சின்னத் தீவு. நீளம் சுமார் 16 கிலோமீட்டர், அகலம் சுமார் 11 கிலோமீட்டர். பிரிட்டனின் ஆட்சிக்கு உட்பட்டது. பக்கத்தில் ஆன்டிகுவாவும் குவாடலூப்பும் இருக்கின்றன.

வரைபடத்தில் கரீபியன் கடலின் கிழக்கு ஓரத்தைப் பார்த்தால், வடக்கே சாபா தீவிலிருந்து தெற்கே கிரெனடா வரை தீவுகள் வில் மாதிரி வளைந்து நிற்பது தெரியும். அந்த வளைவு தற்செயல் இல்லை. அட்லாண்டிக் பெருங்கடலின் தரையைச் சுமக்கும் புவித்தட்டு, வருடத்துக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் வேகத்தில் கரீபியன் தட்டுக்கு அடியில் போய்ச் செருகிக்கொண்டிருக்கிறது. அப்படிச் செருகும் கோட்டுக்கு இணையாகத்தான் எரிமலைகள் வரிசை கட்டி நிற்கின்றன.

கீழே போகும் தட்டு சூட்டில் உருகி மேலே வருகிறது என்று பலர் நினைப்பார்கள். பெரும்பாலும் நடப்பது அதுவல்ல. கடலுக்கடியில் கோடிக்கணக்கான வருடம் கிடந்த அந்தத் தட்டில் தண்ணீர் ஏறியிருக்கும், பாறைக்குள்ளும் கனிமங்களுக்குள்ளும். ஆழத்துக்குப் போகப் போக அழுத்தத்திலும் சூட்டிலும் அந்தத் தண்ணீர் பிழிந்து வெளியேறி, மேலே இருக்கும் சூடான பாறைக்குள் ஊறுகிறது. தண்ணீர் கலந்தால் பாறை உருகத் தேவைப்படும் வெப்பம் குறைந்துவிடும். அதனால், அதுவரை உருகாமல் இருந்த பாறை உருகிப் பாறைக்குழம்பாகிறது. அது இலேசானது என்பதால் மெல்ல மேலே ஏறுகிறது. ஏறும் வழியில் பூமிக்கடியில் சில கிலோமீட்டர் ஆழத்தில் தங்குகிறது, குளிர்கிறது, குணம் மாறுகிறது.

அந்தக் குணமாற்றம்தான் முக்கியம். பாறைக்குழம்பில் சிலிக்கா (மணலில் இருக்கும் அதே பொருள்) எவ்வளவு அதிகமோ அவ்வளவு கெட்டியாக இருக்கும். ஹவாய் எரிமலைகளின் குழம்பில் சிலிக்கா சுமார் 50 சதவீதம்தான். அதனால்தான் அங்கே சிவப்பு ஆறாக ஓடுவதைக் காணொளிகளில் பார்க்கிறோம். மொன்செராட்டில் வருவது ஆண்டிசைட் வகை. சிலிக்கா ஏறக்குறைய 60 சதவீதம். வெப்பமும் ஹவாயைவிடக் குறைவு, சுமார் 850 டிகிரி செல்சியஸ். ரசம் கொதிக்கும்போது குமிழி வந்த சுவடே தெரியாமல் உடையும். கேழ்வரகுக் களி கொதிக்கும்போது குமிழி உள்ளேயே மாட்டிக்கொண்டு, கடைசியில் ‘பொளக்’ என்று தெறித்துக் கையைச் சுடும். குழம்பில் கரைந்திருக்கும் நீராவியும் மற்ற வாயுக்களும் வெளியேறச் சுலபமான வழி இருந்தால் அது ஹவாய். வழியில்லாமல் கெட்டியில் மாட்டிக்கொண்டால் அது மொன்செராட்.

லாவா ஓடாத எரிமலை

இவ்வளவு கெட்டியான குழம்பு மலை உச்சிக்கு வந்து சேர்ந்தால் எங்கே ஓடும்? ஓடாது. வந்த இடத்திலேயே குவியும். பின்னாலிருந்து மேலும் மேலும் தள்ளத் தள்ள, பள்ளத்துக்குள் ஒரு மேடு எழும்பும். இதை லாவாக் குவிமாடம் என்பார்கள். நொடிக்குச் சில கன மீட்டர் என்ற கணக்கில், மாதக்கணக்கில், வருடக்கணக்கில் அது வளரும். வெளிப்புறம் ஆறிக் கறுத்த பாறையாகத் தெரியும், உள்ளே கனன்றுகொண்டிருக்கும். இரவில் பாறை உருண்டு விழும் இடங்களில் சிவப்புக் கோடுகள் தெரியும். மொன்செராட்காரர்கள் பலர் வடக்கிலிருந்து இதைப் பார்த்திருக்கிறார்கள். அழகாகவே இருக்குமாம்.

குவிமாடம் ஓரளவுக்கு மேல் வளர்ந்தால் தன் எடையைத் தானே தாங்காது. ஒரு பக்கம் இடிந்து சரியும். சாதாரண மலைச்சரிவு என்றால் கல்லும் மண்ணும் உருண்டு கீழே வந்து நின்றுவிடும். இங்கே சரிவது பல நூறு டிகிரி சூட்டில் இருக்கும் பாறை, அதற்குள் அழுத்தத்தோடு வாயு அடைபட்டிருக்கிறது. உடையும்போது ஒவ்வொரு துண்டும் சிதறிப் பொடியாகிறது. பாறை, சாம்பல், வாயு மூன்றும் கலந்து தரையை ஒட்டியபடி சரிவில் பாய்கிறது. வேகம் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேலும் போகும். புவியியலாளர்கள் இதைப் பைரோகிளாஸ்டிக் ஓட்டம் என்கிறார்கள். நாம் கனல் வெள்ளம் என்று வைத்துக்கொள்வோம்.

இந்தக் கனல் வெள்ளத்துக்கு இரண்டு அடுக்கு உண்டு. கனமான பாறைகள் நிறைந்த கீழடுக்கு, ஆற்றுப் பள்ளத்தாக்கின் வழியே தண்ணீர் மாதிரி போகும். அதன் பாதையை ஓரளவு ஊகிக்கலாம். மேலே எழும் இலேசான சாம்பல் மேகம் அப்படியில்லை. பள்ளத்தாக்கின் கரையைத் தாண்டி மேட்டிலும் ஏறும். ‘நாம் மேட்டில்தானே இருக்கிறோம்’ என்று நினைப்பவர்களை அது பிடித்துவிடும். மூச்சு ஒன்றிரண்டு இழுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இதே வளைவில் இருக்கும் மார்ட்டினிக் தீவில், 1902 மே 8 அன்று மான்ட் பெலே எரிமலையிலிருந்து இறங்கிய கனல் வெள்ளம் செயின்ட் பியர் நகரத்தைச் சில நிமிடங்களில் எரித்தது. செத்தவர்கள் சுமார் 28,000 பேர். மலை பல நாளாகப் புகைந்துகொண்டிருந்தும் ஊரைக் காலி செய்யவில்லை.

ஆனால் காலி செய்வதும் லேசான முடிவில்லை. 1976இல் குவாடலூப்பில் எரிமலை குமுறியபோது 70,000க்கும் மேற்பட்டவர்களை மாதக்கணக்கில் வெளியேற்றினார்கள். பயந்த அளவுக்குப் பெரிய வெடிப்பு வரவே இல்லை. மொன்செராட்டிலும் 1897–98, 1933–37, 1966–67 என்று மூன்று முறை நிலநடுக்கங்கள் கொத்துக் கொத்தாக வந்து, பயமுறுத்திவிட்டு, ஒன்றும் நடக்காமல் அடங்கியிருந்தன. 1632இல் ஐரோப்பியர்கள் குடியேறிய காலத்திலிருந்து மலை வெடித்ததாகப் பதிவே கிடையாது. 1992இல் மறுபடி நிலம் நடுங்க ஆரம்பித்தபோது, ‘இதுவும் அடங்கிவிடும்’ என்று ஒருவர் நினைத்திருந்தால் அதை முட்டாள்தனம் என்று சொல்ல முடியாது.

அலமாரியில் கிடந்த அறிக்கை

ஆனாலும் முன்னெச்சரிக்கை இல்லாமல் இல்லை. ஜெஃப்ரி வாட்ஜ், மைக்கேல் ஐசக்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1987இல் மொன்செராட்டின் எரிமலை ஆபத்து வரைபடத்தைத் தயாரித்துக் கொடுத்தார்கள். பழைய வெடிப்புகள் விட்டுச்சென்ற படிவுகளைப் பார்த்து, மலை மறுபடி விழித்தால் கனல் வெள்ளம் எந்தப் பக்கமெல்லாம் பாயும் என்று கணக்கிட்டார்கள். பிளிமத் ஆபத்தான இடத்தில் இருக்கிறது என்பது அதில் தெளிவாக இருந்தது. உச்சிக்கும் நகரத்துக்கும் நடுவே தூரம் சில கிலோமீட்டர்தான்.

அப்புறம் 1989 செப்டம்பரில் ஹியூகோ சூறாவளி வந்தது. தீவின் வீடுகளில் பெரும்பாலானவை சேதமடைந்தன. எல்லாவற்றையும் புதிதாகக் கட்ட வேண்டிய நிலை. ஊரை எங்கே வைப்பது என்று மறுபடி யோசிக்க அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைத்திருக்காது. ஆனால் மருத்துவமனையையும் அரசுத் தலைமையகத்தையும் பிளிமத்திலேயே புதுப்பித்தார்கள். வேலை முடிந்து பெயிண்ட் காய்வதற்குள் மலை விழித்துக்கொண்டது என்றே சொல்லலாம். அந்த அறிக்கையைப் படிக்க வேண்டியவர்கள் படித்திருந்தால் உயிர்ச்சேதம் எவ்வளவு குறைந்திருக்குமோ தெரியாது, பணச்சேதம் நிச்சயம் குறைந்திருக்கும். என் கணக்கில் இந்தக் கதையில் மன்னிக்க முடியாத ஒன்று என்றால் இதுதான்.

போகிற போக்கில் ஒரு விஷயம். பீட்டில்ஸ் குழுவின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் 1979இல் இந்தத் தீவில் ஓர் ஒலிப்பதிவுக்கூடம் திறந்தார். உலகின் பெரிய ராக் பாடகர்கள் பலர் வந்து பாடிவிட்டுப் போனார்கள். அதை மூடவைத்தது எரிமலை இல்லை, ஹியூகோதான்.

1995 முதல் 1997 வரை

1995 ஜூலை 18. மலையில் நீராவியும் சாம்பலும் சீறிக் கிளம்பின. இது பாறைக்குழம்பு வெளியே வந்த வெடிப்பு இல்லை. கீழே ஏறிவந்த குழம்பின் சூட்டில் நிலத்தடி நீர் ஆவியாகி வெடித்தது. ஆகஸ்ட் 21 திங்கட்கிழமை இதே வகையில் பெரிய வெடிப்பு ஒன்று நடந்தது. சாம்பல் மேகம் பிளிமத்துக்கு மேல் கவிந்து பட்டப்பகலில் கும்மிருட்டானது. இன்றும் அந்த நாளைச் சாம்பல் திங்கள் என்றுதான் சொல்கிறார்கள். நகரத்தை முதல் தடவையாகக் காலி செய்தார்கள்.

இரண்டு வாரத்தில் திரும்பி வந்தார்கள். நவம்பர் நடுவில் குவிமாடம் வளரத் தொடங்கியது. டிசம்பரில் மறுபடி வெளியேற்றம், மறுபடி திரும்புதல். 1996 ஏப்ரல் 3 அன்று மூன்றாம் தடவையாகக் கிளம்பினார்கள். சில வாரத்தில் வந்துவிடுவோம் என்று நினைத்தவர்களில் பலர் துணிமணியை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு பிளிமத்தில் யாரும் குடியேறவில்லை.

வடக்கில் போதிய வீடுகள் கிடையாது. பள்ளிக்கூடங்களிலும் தேவாலயங்களிலும் கூடாரங்களிலும் ஆட்களை அடைத்தார்கள். நெருக்கடி, வெக்கை, கழிப்பறைக்கு வரிசை. ஒரு வாரம் என்றால் யாரும் பொறுத்துக்கொள்வார்கள். இது வருடக்கணக்கில் இழுத்தது. தீவின் நல்ல விளைநிலமோ தடை செய்யப்பட்ட பகுதியில், மலையின் சரிவுகளில் இருந்தது. கேரட்டும் உருளைக்கிழங்கும் அங்கேதான் விளையும். விதைத்ததை விட்டுவர மனமில்லாமலும், வேறு பிழைப்பு இல்லாமலும், முகாமில் இருக்கப் பிடிக்காமலும் சிலர் பகலில் தடையைத் தாண்டிப் போய் வேலை செய்துவந்தார்கள். சிலர் அங்கேயே தங்கவும் செய்தார்கள்.

1997 ஜூன் 25, மதியம் ஒரு மணியை ஒட்டி, குவிமாடத்தின் வடபக்கம் சரிந்தது. சுமார் 25 நிமிடத்தில் அடுத்தடுத்து மூன்று அலைகளாகக் கனல் வெள்ளம் இறங்கியது. ஸ்ட்ரீத்தம், ஃபாரல்ஸ் போன்ற ஊர்களில் மேட்டுப்பக்கம் ஏறிய சாம்பல் மேகம் வயலிலும் வீட்டிலும் இருந்தவர்களைப் பிடித்தது. கீழடுக்கு பள்ளத்தாக்கு வழியாக விமான நிலையத்தின் பக்கம் வரை போனது. 19 பேர் இறந்தார்கள். அத்தனை வருட வெடிப்பில் எரிமலை நேரடியாகக் கொன்றது அவர்களைத்தான்.

தடையை மீறிப் போனார்கள், செத்தார்கள் என்று சொல்லி முடித்துவிடலாம். பின்னால் நடந்த மரண விசாரணை அப்படி முடிக்கவில்லை. இடம்பெயர்ந்த விவசாயிகளுக்கு வடக்கில் நிலம் ஒதுக்கித் தராதது பற்றி அரசாங்கத்தின் மீது அங்கே குறை சொல்லப்பட்டது. சரியான பேச்சு அது. ஓர் ஆளை ஊரைவிட்டுக் கிளப்பினால் போதாது, கிளம்பியவர் சாப்பிடுவதற்கும் வழி செய்ய வேண்டும்.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் மேற்குப் பக்கம் சரிந்த கனல் வெள்ளங்கள் பிளிமத்துக்குள் புகுந்தன. காலியாகக் கிடந்த நகரம் எரிந்தது. அந்த மாதமே சேலம் என்ற ஊரையும் காலி செய்தார்கள் (நம் சேலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை). செப்டம்பரில் விமான நிலையக் கட்டடம் போனது. டிசம்பர் 26 விடியற்காலையில் மலையின் தென்மேற்குச் சுவரே பிய்த்துக்கொண்டு கடலை நோக்கிப் போனது. வழியில் இருந்த செயின்ட் பேட்ரிக்ஸ் போன்ற ஊர்கள் துடைத்தெடுத்தது போலாயின. முன்பே காலி செய்திருந்ததால் ஒரு உயிரும் போகவில்லை.

மலை மூச்சு விட்டது

இந்த நெருக்கடிக்கு நடுவில் அறிவியலாளர்கள் பார்த்த ஒன்று எரிமலை ஆராய்ச்சியில் இன்றும் பேசப்படுகிறது. நிலம் எவ்வளவு சாய்கிறது என்று அளக்கும் சாய்வுமானிக் கருவியை உச்சிக்குப் பக்கத்தில் சான்ஸஸ் பீக் என்ற இடத்தில் வைத்திருந்தார்கள். 1997இல் அதன் பதிவைப் பார்த்தால், கோடு ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. பல மணி நேரத்துக்கு ஒரு தடவை மலை சற்றே உப்பி, பிறகு தணிந்துகொண்டிருந்தது. உப்பும்போது சிறுசிறு நிலநடுக்கங்கள் கூட்டமாக வரும். உச்சத்துக்குப் போய்த் தணியத் தொடங்கும் நேரத்தில்தான் சரிவோ வெடிப்போ நடக்கும்.

காரணம் இதுதான். குழாய் மாதிரியான வழியில் ஏறும் குழம்பு, மேலே வரவர வாயுவை இழந்து இன்னும் கெட்டியாகி, தானே அடைப்பாக நின்றுவிடுகிறது. கீழே அழுத்தம் ஏறி மலை உப்புகிறது. அழுத்தம் தாங்காமல் அடைப்பு நழுவி மேலே வந்ததும் அழுத்தம் இறங்குகிறது. மறுபடி அடைப்பு, மறுபடி உப்பல். 1997 ஆகஸ்டில் இந்த அடைப்பு நழுவுவதற்குப் பதிலாக வெடிக்கத் தொடங்கியது. ஆகஸ்டில் 13, செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் வரை 75, மொத்தம் 88 வெடிப்புகள். ஏறக்குறைய பத்து மணி நேரத்துக்கு ஒன்று.

இப்படி முறை தெரிந்ததால், ‘இன்னும் சில மணி நேரத்தில் ஆபத்து கூடும்’ என்று ஓரளவு முன்கூட்டிச் சொல்ல முடிந்தது. மொன்செராட் எரிமலைக் கண்காணிப்பகம் இந்த வெடிப்பினால்தான் உருவானது. அங்கே வேலை செய்தவர்கள் தீவின் வானொலியில் தினமும் நிலவரம் சொன்னார்கள். மக்களும் சாய்வுமானி, குவிமாடம், கந்தக டை ஆக்ஸைடு என்றெல்லாம் பேசப் பழகிக்கொண்டார்கள்.

முன்கணிப்புக்கு எல்லையும் உண்டு. சில மணி நேரத்துக்குள் என்ன நடக்கும் என்பதற்குப் பதில் கிடைத்தது. ‘நான் எப்போது வீட்டுக்குப் போகலாம்?’ என்பதற்குக் கிடைக்கவில்லை. குடும்பத்தோடு முகாமில் கிடப்பவர் கேட்பது இரண்டாவதைத்தானே.

சாம்பலோடு குடித்தனம்

எரிமலைச் சாம்பல் அடுப்புச் சாம்பல் போன்றதில்லை, எரிந்து மிஞ்சியதும் இல்லை. அது நொறுங்கிய பாறை, கண்ணாடித் துகள்கள் நிறைந்தது. கூரையில் சேர்ந்து மழையில் நனைந்தால் கனம் கூடிக் கூரையே உட்காரும். தொட்டித் தண்ணீரைக் கெடுக்கும், வண்டி எஞ்சினைத் தேய்க்கும், பயிரை மூடும். துடைத்த மேசையில் மறுநாள் மறுபடி படிந்திருக்கும். வாயுவோடு சேர்ந்த மழை அமிலமாகப் பெய்து இலைகளைக் கருக்கும்.

மொன்செராட் சாம்பலில் கூடுதலாக ஒரு கவலை இருந்தது. குவிமாடம் மாதக்கணக்கில் சூட்டோடு நிற்கும்போது, பாறை இடுக்குகளில் சிலிக்கா படிகமாகி கிறிஸ்டோபலைட் என்ற கனிமம் உருவாகிறது. நுரையீரலுக்குள் போகும் அளவு நுண்ணிய துகள்களில் அது 10 முதல் 24 சதவீதம் வரை இருந்ததை ஆய்வு காட்டியது. கல்குவாரித் தொழிலாளர்களைப் பாதிக்கும் சிலிகோசிஸ் நோய்க்குக் காரணமான பொருள்களில் ஒன்று இது. இன்னொன்று கவனியுங்கள். வெடித்துச் சிதறிய சாம்பலில் இந்தக் கனிமம் மிகக் குறைவு, குவிமாடம் சரிந்து வந்த சாம்பலில்தான் அதிகம். கண்ணுக்கு இரண்டும் ஒரே சாம்பல்தான். அதனால்தான் துடைப்பம் எடுப்பவர்களும் சாலை துப்புரவு செய்பவர்களும் முகக்கவசம் போட வேண்டும் என்று வலியுறுத்தினார்கள்.

சாம்பலின் வேலை வெடிப்போடு முடிவதில்லை. சரிவுகளில் மீட்டர் கணக்கில் கிடக்கும் சாம்பலை ஒவ்வொரு பெருமழையும் வாரிக்கொண்டு சேற்று வெள்ளமாக இறக்குகிறது. இதற்கு லஹார் என்று பெயர். மேற்கே பெல்ஹாம் பள்ளத்தாக்கில் ஒரு காலத்தில் கோல்ஃப் மைதானம் இருந்தது. இப்போது அந்த இடம் மேடேறிச் சாம்பல் வெளியாகக் கிடக்கிறது. பிளிமத்தைப் புதைத்ததில் கனல் வெள்ளத்துக்கு எவ்வளவு பங்கோ, மழைக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

போனவர்களும் இருந்தவர்களும்

1995க்கு முன் தீவில் சுமார் 11,000 பேர் இருந்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு கிளம்பிவிட்டார்கள். பிரிட்டனுக்குப் பெரும்பகுதி, ஆன்டிகுவா போன்ற பக்கத்துத் தீவுகளுக்குக் கொஞ்சம். இப்போதும் மொத்தம் 5,000 பேரைத் தொடவில்லை. 19 உயிர்களை எடுத்த மலை, ஏழாயிரம் பேரை ஊரைவிட்டு அனுப்பியது. இரண்டில் எது பெரிய பாதிப்பு என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

1997 ஆகஸ்டில் உதவித்தொகை போதவில்லை என்று மக்கள் தெருவுக்கு வந்தார்கள். முதல்வர் பெர்ட்ராண்ட் ஆஸ்போர்ன் பதவி விலகினார். அப்போதைய பிரிட்டன் அமைச்சர் கிளேர் ஷார்ட், அடுத்து தங்க யானை கேட்பார்கள் போலிருக்கிறது என்ற பொருளில் பேசிவைத்தார். அந்தத் தங்க யானையை மொன்செராட்காரர்கள் இன்னும் மறக்கவில்லை. காப்பீட்டு நிறுவனங்கள் தீவைவிட்டு விலகின. வீடு போனாலும் அதன் மேல் வாங்கிய கடன் போகவில்லை. 2002இல் பிரிட்டன் தன் கடல்கடந்த பிரதேச மக்களுக்கு முழுக் குடியுரிமை கொடுத்தது. போனவர்கள் அங்கேயே வேரூன்ற அது உதவியது, தீவுக்குத் திரும்பும் காரணத்தைக் குறைக்கவும் செய்தது.

இருந்தவர்கள் வடக்கில் புதிதாக ஊர் கட்டினார்கள். 2005இல் ஜெரால்ட்ஸ் என்ற இடத்தில் சின்ன விமான நிலையம் திறந்தார்கள், சிறு விமானங்கள் மட்டுமே இறங்க முடியும். லிட்டில் பே பகுதியில் துறைமுகமும் புதிய நகரமும் மெல்ல எழுகின்றன. ஜார்ஜ் மார்ட்டின் 1997இல் லண்டனில் ஏற்பாடு செய்த நிதி திரட்டும் இசைநிகழ்ச்சியின் பணத்தில் அங்கே ஒரு கலாச்சார மையம் வந்தது. மலை கொட்டிய சாம்பல் மணலை அள்ளிப் பக்கத்துத் தீவுகளுக்குக் கட்டுமானத்துக்கு ஏற்றுமதி செய்கிறார்கள். 2013இல் பூமிக்கடியில் துளையிட்டு, சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்க முடியுமா என்றும் பார்த்தார்கள். சூடு தாராளமாக இருந்தது.

காட்டுயிர்களுக்கும் இதே கதைதான். மொன்செராட் ஓரியோல் என்ற மஞ்சள்–கறுப்புப் பறவை உலகில் இந்தத் தீவில் மட்டுமே உண்டு. தெற்குக் காடுகள் பெரும்பாலும் அழிந்ததால், நடுவில் இருக்கும் சென்டர் ஹில்ஸ் காட்டைப் பெரும்பாலும் நம்பித்தான் அதன் இனமே பிழைத்திருக்கிறது.

முடிந்துவிட்டதா?

1998இல் குவிமாடம் வளர்வது நின்றபோது முடிந்தது என்று நினைத்தார்கள். 1999 நவம்பரில் மறுபடி வளர்ந்தது. 2003 ஜூலை 12, 13 தேதிகளில், பெருமழைக்குப் பின், சுமார் 21 கோடி கன மீட்டர் பாறை கிழக்கே கடலில் சரிந்தது. பதிவான குவிமாடச் சரிவுகளில் இவ்வளவு பெரியது வேறில்லை. யாரும் சாகவில்லை, ஏனென்றால் அந்தப் பக்கம் யாரும் இல்லை. பிறகு நின்றது. 2005இல் தொடங்கியது. நின்றது. 2008இல் தொடங்கியது. நின்றது. ஐந்தாவது கட்டம் 2009 அக்டோபரில் ஆரம்பித்து, 2010 பிப்ரவரி 11 அன்று பெரிய சரிவோடு ஓய்ந்தது. அன்றைய சாம்பல் குவாடலூப்பில் போய் விழுந்தது. 19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரி, காரைக்கால் வழியாகக் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்ட தமிழர்களின் வம்சாவளியினர் இன்றும் வாழும் தீவு அது.

அதற்குப் பிறகு லாவா வரவில்லை. ஆனால் உச்சியில் இன்னும் கந்தக வாயு வெளியேறுகிறது, நூற்றுக்கணக்கான டிகிரி சூட்டில் துவாரங்கள் கனல்கின்றன. செயற்கைக்கோள் வழி நிலத்தை அளக்கும் ஜிபிஎஸ் கருவிகள், தீவே மிக மெதுவாக உப்பிக்கொண்டிருப்பதைக் காட்டுகின்றன. ஆழத்தில் குழம்பு சேர்ந்துகொண்டிருப்பதன் அடையாளமாக இதை எடுத்துக்கொள்கிறார்கள். வாயு குறைந்து, நிலம் உப்புவது நின்று, அதற்கே உரிய நிலநடுக்கங்களும் அடங்கினால்தான் வெடிப்பு முடிந்ததாக அறிவிக்க முடியும் என்பது அறிவியலாளர்களின் நிலைப்பாடு. அதுவரை தெற்கு தடைப் பகுதிதான். பிளிமத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அனுமதி பெற்ற வழிகாட்டியோடு போக வேண்டும்.